உயிரினப் பெயரில் பிழை எது, திருத்தம் எது?

முசுமுசுக்கையின் அறிவியல் பெயருக்குள் சென்னை இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இந்தக் கொடிக்கு இட்ட பெயர் ‘குக்குமிஸ் மடெராஸ்பட்டானஸ்’. மதராசபட்டினத்து வெள்ளரியினம் என்று அதற்குப் பொருள். ஆங்கில எழுத்துகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் நடுவே ஓர் ‘ஈ’ நிற்கிறது. மெட்ராஸ் என்று எழுதிப் பழகிய கை அந்த ‘ஈ’யை விட்டுவிட்டே எழுதும். அதனால் ஆய்வேடுகளிலும் மூலிகைப் பட்டியல்களிலும் இரண்டு வடிவங்களும் கலந்து கிடக்கின்றன.

ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பூந்தமல்லி வட்டாரத்து வேலியோரச் செடிகளையும் ஏரிக்கரைப் பறவைகளையும் பட்டியலிட உட்காரும் எந்த மாணவரும் முதல் பக்கத்திலேயே இந்தச் சிக்கலைச் சந்திப்பார். இன்று அவருக்கு உதவ இணையத் தரவுத்தளங்கள் இருக்கின்றன. பெயரை ஒட்டினால் நொடியில் விடை வரும். ஆனால் அந்த விடை எந்த அளவுகோலின்படி வருகிறது? ஒரு பெயரின் சரியான எழுத்தைத் தீர்மானிப்பது பெயரிட்டவரின் கையா, லத்தீன் இலக்கணமா, பலரும் எழுதும் வழக்கா, கணினியின் கணக்கா? இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றின் மூலத்தையும் பலவீனத்தையும் இங்கே பார்க்கலாம்.

முதல் அச்சின் அதிகாரம்

மிகப் பழையதும் இன்றும் வலுவானதுமான நிலைப்பாடு, முதலில் அச்சான எழுத்தே செல்லும் என்பது. தாவரங்களுக்கு லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூலும், விலங்குகளுக்கு அவருடைய வேறொரு நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பும் தொடக்கப் புள்ளிகள். அவற்றிலும் அவற்றுக்குப் பிந்தைய நூல்களிலும் பெயர் முதன்முதலில் எப்படி அச்சானதோ, அப்படியே எழுத வேண்டும்.

இந்த நிலைப்பாட்டின் நியாயம் சென்னையின் பெயரிலேயே தெரியும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், இங்குள்ள செடிகளை உலர்த்தி லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கிலத் தாவரவியலாளர் பிளக்னெட் போன்றவர்களின் நூல்களில் சென்னைச் செடிகள் ‘ஈ’ சேர்ந்த வடிவத்தில்தான் ஊர்ப்பெயர் பெற்றன. லின்னேயஸ் அதே வழியில் முசுமுசுக்கைக்கும் மேலாநெல்லிக்கும் (ஃபில்லாந்தஸ் மடெராஸ்பட்டென்சிஸ்) மாசிபத்திரிக்கும் பெயரிட்டார். 1789இல் மெலின் வெண்புருவ வாலாட்டிக்கு மோட்டாசில்லா மடெராஸ்பட்டென்சிஸ் என்று பெயர் வைத்தார். ஆகவே ‘ஈ’ அந்தக் காலத்து எழுத்து வழக்கின் தடயம். இன்றைய வரைபடத்தைப் பார்த்து அதை நீக்குபவர்தான் பிழை செய்கிறார்.

வங்காளத்தின் பெயர் இன்னும் தெளிவான சான்று. ஆலமரம், பனங்காடை, பொன்முதுகு மரங்கொத்தி ஆகியவற்றின் பெயர்களில் ‘ஜி’க்குப் பின் ‘ஹெச்’ உண்டு. லின்னேயஸ் அப்படித்தான் எழுதினார். வெண்முதுகுப் பாறுக்கும் கொம்பன் ஆந்தைக்கும் பிறர் பெயரிட்டபோது ‘ஹெச்’ இல்லை. ஒரே ஊரின் இரண்டு எழுத்து வடிவங்களும் அதனதன் இடத்தில் சரியே. ஒரு பட்டியலில் ‘ஹெச்’சை எல்லாவற்றிலும் சேர்த்தோ எல்லாவற்றிலும் நீக்கியோ சீராக்க முயன்றால் புதுப் பிழைகள்தான் உண்டாகும்.

முதல் அச்சில் அச்சுக்கோப்பவரின் தவறும் இருக்கலாம் என்பது இந்த நிலைப்பாட்டின் பலவீனம். அதை அறிந்தே, தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் தனித்தனியே உள்ள இரண்டு பெயரிடல் சட்டத்தொகுதிகளும் வாசல் ஒன்றைத் திறந்து வைத்துள்ளன. விலங்கியலில் அந்த வாசல் குறுகலானது. பிழை என்பதற்கான சான்று முதல் வெளியீட்டுக்குள்ளேயே இருந்தால்தான் திருத்தலாம். தாவரவியல் அச்சுப்பிழையையும் எழுத்துப்பிழையையும் திருத்த இடம் தருகிறது, கூடவே அந்த உரிமையைத் தயக்கத்தோடு பயன்படுத்தச் சொல்கிறது.

இரு துறைகளின் வேறுபாடு ஓர் ‘ஐ’ எழுத்தில் கூர்மையாகத் தெரியும். நம் ஏரிகளில் நிற்கும் மடையானுக்கு 1832இல் சைக்ஸ், கிரே என்பவரின் நினைவாகப் பெயரிட்டபோது இறுதியில் இரண்டு ‘ஐ’ போட்டார். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டனின் பெயரை இலைப்பறவை ஒன்றுக்கு 1844இல் வைத்த பிளைத் ஒன்றுதான் போட்டார். விலங்கியலில் இரண்டும் அப்படியே நிற்கும், மாற்றினால் தவறு. தாவரவியலிலோ ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கும் செடி எதுவானாலும், முதலில் ஒற்றை ‘ஐ’யோடு அச்சாகியிருந்தால்கூட, இரண்டாகத் திருத்தியே எழுத வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே விதியைப் பறவைக்கும் செடிக்கும் போடுகிறவர்கள் நிறைய.

லத்தீன் அறிஞர்களின் திருத்தங்கள்

19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் பலருக்கு முதல் அச்சின் மீது அவ்வளவு மரியாதை இல்லை. கிரேக்கமும் லத்தீனும் கற்றவர்கள் அவர்கள். பெயரின் வேர்ச்சொல் தவறாக இருந்தால் அதைச் செப்பம் செய்வது தங்கள் கடமை என்று கருதினார்கள். அந்த நல்லெண்ணத்தின் விளைவு இன்றுவரை நம் நூலகங்களில் இருக்கிறது.

வாகை மரத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலிக்கு அந்தப் பேரினத்து மரத்தைக் கொண்டுவந்த ஃபிலிப்போ தெல்யி ஆல்பிட்சியின் நினைவாக 1772இல் துராட்சினி ‘ஆல்பிசியா’ என்று பெயரிட்டார். குடும்பப் பெயரில் ‘இசட்’ இரண்டு. அவர் எழுதியதோ ஒன்று. பின்வந்தவர்கள் குடும்பப் பெயரைப் பார்த்து இரண்டாக்கினார்கள். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுதியின் (1872–1897) வழியாக இந்த இரட்டை ‘இசட்’ இந்தியா முழுவதும் பரவி, வனத்துறை ஆவணங்களிலும் பாடநூல்களிலும் பல பத்தாண்டுகள் நின்றுவிட்டது. கொடுக்காப்புளியின் பித்தெசெல்லோபியமும் இவ்வாறே ‘பித்தெகோலோபியம்’ ஆனது.

சர்ப்பகந்தாவின் கதை சற்று வேறுபட்டது. ரவ்வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரில் ‘டபிள்யூ’ உண்டு. லின்னேயஸ் லத்தீன் முறைப்படி ‘வி’ போட்டு ரௌவோல்ஃபியா என்று எழுதினார். அதுவே சரியான பெயர். ஆனால் மருந்தியல் உலகம் ‘டபிள்யூ’ வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. 1952இல் இந்தச் செடியின் வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்ட பிறகு வெளிவந்த கட்டுரைகளில் கணிசமானவை பிழை வடிவத்தில்தான் இருக்கின்றன. ஒற்றை வடிவத்தை மட்டும் தேடும் ஆய்வாளர் மற்ற வடிவத்தில் உள்ள இலக்கியம் முழுவதையும் இழப்பார். எழுத்துப்பிழை என்பது அழகியல் பிரச்சினை என்று எண்ணுகிறவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டைக் கவனிக்க வேண்டும்.

வழக்குக்குக் கிடைத்த இடம்

மூன்றாவது நிலைப்பாடு, பெயரின் வேலை தகவலைச் சேர்ப்பதே என்பதால் எல்லாரும் எழுதும் வடிவத்தைக் குலைக்கக் கூடாது என்கிறது. காகிதப்பூவின் பேரினப் பெயர் 1789இல் ‘புகின்வில்லேயா’ என்ற வடிவில் அச்சானது. அதைத் தூக்கி நிறுத்தினால் உலகம் முழுவதும் குழப்பம் வரும் என்பதால், ‘பூகன்வில்லியா’ என்ற வழக்கு வடிவத்தைத் தாவரவியலாளர்கள் முறைப்படி காப்பாற்றி வைத்தார்கள். விலங்கியல் சட்டத்தொகுதியும் நிலைபெற்ற பிழை வடிவத்துக்குச் சில நிபந்தனைகளோடு ஏற்பு தருகிறது.

எவ்வளவு வழக்கு இருந்தால் போதும் என்பதே இங்குள்ள இக்கட்டு. அதற்குத் துல்லியமான அளவு கிடையாது.

வழக்கையும் முதல் அச்சையும் மீறி, அறத்தின் பெயரால் எழுத்தை மாற்றிய நிகழ்வும் அண்மையில் நடந்தது. 2024இல் மாட்ரிட்டில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் பெயரிடல் அமர்வு, தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ முதலிய அடைமொழிகளை ‘ஆஃப்ரா’ என மாற்ற வாக்களித்தது. 200க்கும் மேற்பட்ட பெயர்களில் ஓர் எழுத்து போனது. இது சரியான முடிவு என்றே கருத வேண்டியிருக்கிறது. அதே சமயம், நேற்றைய சரியான எழுத்து இன்று பிழையாகலாம் என்பதால், ஒரு பெயரைச் சரிபார்த்த தேதியும் முக்கியமாகிறது.

அட்டைகளிலிருந்து தரவுத்தளங்களுக்கு

இந்த வழக்குகளையெல்லாம் ஓரிடத்தில் பார்க்கும் வசதி மெல்லத்தான் வந்தது. டார்வின் விட்டுச்சென்ற பணத்தில் 1893 முதல் வெளிவந்த கியூ தோட்டத்தின் பெயர்ச் சுட்டியும், 1902இல் தொடங்கிய ஷெர்போர்னின் விலங்குப் பெயர்ச் சுட்டியும் முன்னோடிகள். கியூ, ஹார்வர்ட், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களின் சுட்டிகளும் இணைந்து 1999இல் பன்னாட்டுத் தாவரப் பெயர்ச் சுட்டி இணையத்துக்கு வந்தது. மீன்களுக்குக் கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் எஷ்மெயர் பட்டியல், கடல் உயிர்களுக்குப் பெல்ஜியத்திலிருந்து இயங்கும் ‘வோர்ம்ஸ்’ பதிவேடு, எல்லாவற்றையும் திரட்டும் ‘ஜிபிஃப்’ என இன்று வரிசை நீள்கிறது. பழைய நூல்களின் பக்கங்களையே படமாகத் தரும் பல்லுயிர் மரபு நூலகமும் உள்ளது. என் மதிப்பீட்டில், முதல் அச்சை வீட்டிலிருந்தே பார்க்கும் வாய்ப்பைச் சிற்றூர்க் கல்லூரிக்கும் கொடுத்த இந்த நூலகமே இவற்றில் மிகப் பெரிய கொடை.

இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதாக நினைப்பது பரவலான தவறு. பெயர்ச் சுட்டி, ஒரு பெயர் எங்கே, எந்த எழுத்தில் வெளியானது என்று மட்டும் சொல்லும். அந்த இனம் இன்று ஏற்கப்பட்டதா என்பது அதன் வேலை அல்ல. ஏற்புப் பட்டியல் வேறு வகை. சீமைக்கருவேலத்தின் பெயரைக் கியூவின் ஏற்புப் பட்டியலில் இட்டால் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்று வரும், ஏனென்றால் 2022இல் புரோசோபிஸ் பேரினம் பிரிக்கப்பட்டது. புரோசோபிஸ் என்று எழுதியவர் எழுத்துப்பிழை செய்யவில்லை, அவர் பின்பற்றியது முந்தைய வகைப்பாட்டை. இதைப் பார்த்துக் கோப்பு முழுவதும் புரோசோபிஸை நெல்டுமாவாக மாற்றினால் வன்னி மரம் கெட்டுப்போகும். வன்னி இன்றும் புரோசோபிஸ்தான்.

காலாவதியான தளங்கள் மூடப்படாமல் கிடப்பது இன்னொரு ஆபத்து. 2010இல் வந்த ‘பிளான்ட் லிஸ்ட்’ 10,64,035 பெயர்களோடு 2013இல் நின்றுவிட்டது. அதற்குப் பின்வந்த உலகத் தாவரத் தொகுதி இருக்கும்போதும், பழைய பட்டியலை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன.

கணினியின் ஊகம்

எழுத்துப்பிழையைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் முறையை 1965இல் லெவன்ஷ்டைன் வகுத்தார். ஆஸ்திரேலியாவின் டோனி ரீஸ் அதோடு ஒலி ஒப்புமையையும் சேர்த்து உயிரினப் பெயர்களுக்கென ‘டாக்சாமேட்ச்’ முறையை உருவாக்கினார். ‘வோர்ம்ஸ்’ பதிவேடும், தாவரவியலாளர்கள் பயன்படுத்தும் பெயர்த் தீர்வுச் சேவையும் இதன் வழியில் இயங்குகின்றன. முடக்கத்தானின் ஹாலிகாகாபம் ‘ஹெலிகாகாபம்’ ஆனாலும், ஆகாயத்தாமரையின் பழைய பெயரான ஐக்ஹோர்னியாவில் இரண்டு ‘ஹெச்’சில் ஒன்று விழுந்தாலும், ஐபோமியாவின் ‘ஓ’ காணாமல் போனாலும் இவை பிடித்துவிடும். ஆயிரம் பெயர்களைக் கையால் சரிபார்க்க வாரக்கணக்கில் ஆகும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. இந்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் நெருங்கிய எழுத்து என்பது நெருங்கிய உயிர் என்று ஆகாது. வில்லியம் கேரியின் பெயரில் ராக்ஸ்பரோ அமைத்த கேரேயா நம் காடுகளின் மரம். அதில் ஓர் ‘ஈ’ விழுந்தால் வட அமெரிக்க மரங்களைக் கொண்ட காரியா என்ற பேரினம் வந்து நிற்கும். இரண்டும் உண்மையான பெயர்கள், கணினிக்கு அங்கே பிழையே தெரியாது. ஃபைகஸ் என்று மட்டும் எழுதினால் ஆலும் அத்தியும் வரலாம், அதே பெயர் கொண்ட கடல் நத்தையும் வரலாம். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிச் சட்டங்களின் கீழ் இருப்பதால் இப்படி ஒரே பெயர் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும்.

பால்விகுதி இன்னொரு சிக்கல். விராலை 1793இல் பிளாக் ‘ஸ்ட்ரையேட்டஸ்’ என்றார். சன்னா பெண்பாற் பேரினம் என்பதால் இன்றைய வடிவம் சன்னா ஸ்ட்ரையேட்டா. மீன்வளர்ப்பு நூல்களில் ஆண்பால் விகுதி இன்னும் நீடிக்கிறது. முசுமுசுக்கை முகியா பேரினத்தில் இருந்தபோது மடெராஸ்பட்டானா ஆக இருந்தது, குக்குமிஸுக்குத் திரும்பியதும் மடெராஸ்பட்டானஸ் ஆனது. பட்டாம்பூச்சி ஆய்வாளர்கள் பலர் இந்த விகுதி மாற்றத்தையே ஏற்காமல், முதலில் எழுதிய ஈற்றையே வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு: லத்தீன் இலக்கணம் அறிந்தோர் குறைந்துவரும் உலகில், இலக்கணத்தைச் சார்ந்த எழுத்து நிலைத்திருப்பது கடினம்.

பெயரை இட்டவரின் சுருக்கக் குறிப்பும் இதே கவனத்தைக் கோருகிறது. தரங்கம்பாடியிலும் சென்னை வேப்பேரியிலும் வாழ்ந்த ராட்லர் வேறு, டென்மார்க்கின் ராட்போல் வேறு. ‘ராட்ப்.’ என்ற சுருக்கம் பின்னவருடையது.

எழுத்து சரி, செடி வேறு

தரவுத்தளங்கள் தொடவே முடியாத பிழை ஒன்று உண்டு. அது இந்த விவாதத்தில் போதிய இடம் பெறவில்லை.

கீழாநெல்லியை இந்திய நூல்கள் நெடுங்காலம் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. 1950களில் தாவரவியலாளர் வெப்ஸ்டரின் ஆய்வுகளுக்குப் பின், லின்னேயஸின் நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்குரியது, இங்கே அந்தப் பெயரில் வழங்குபவை அமாரஸ் முதலிய வேறு இனங்கள் என்று தெளிவானது. ஆனாலும் வழக்கு மாறவில்லை. மஞ்சள்காமாலைக் கிருமிக்கு எதிரான ஆய்வில் 1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் நிரூரி இருக்கிறது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் அமாரஸ் இருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து உலகெங்கும் நடந்த சோதனைகளை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றிலும் எந்தச் செடி பயன்பட்டது என்ற கேள்வி எழாமல் இருக்காது.

‘நிரூரி’ என்று எந்தத் தளத்தில் இட்டாலும் பச்சை விளக்குதான் எரியும். எழுத்து சரி, பெயர் ஏற்கப்பட்டது, அது சுட்டும் செடிதான் வேறு. இதைத் தீர்க்க உலர்தாவர மாதிரி வேண்டும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்திலும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் அத்தகைய மாதிரிகள் பேணப்படுகின்றன. சித்த மருந்து ஆய்வுகளில் மாதிரி எண் குறிப்பிடுவது எழுத்துச் சரிபார்ப்பைவிட அவசரமான சீர்திருத்தம் என்பேன்.

தமிழ் எழுத்தில் அறிவியல் பெயர்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் இழப்பு இருக்கிறது. இக்கட்டுரையில் உள்ளதுபோல் பெயரைத் தமிழ் எழுத்தில் தரும்போது ‘இசட்’ ஒன்றா இரண்டா, ‘ஹெச்’ உண்டா இல்லையா என்ற தகவல் மறைந்துபோகிறது. படிக்கிறவர் அதை மறுபடி ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது ஐந்தாறு வடிவங்கள் பிறக்கும். தேடுதளங்கள் தமிழ் எழுத்தை வைத்துத் தேடித் தருவதும் அரிது.

இது நடைமுறையில் முக்கியமாகும் இடம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் உள்ள செடிகொடிகளையும் உயிர்களையும் அதில் பதிய வேண்டும். 2019இல் மாநகராட்சியான ஆவடிக்கும், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். ஊர்ப்பெயரைச் சொல்லும் முதியவரும், அறிவியல் பெயரை நிரப்பும் இளைஞரும் சேர்ந்து எழுதும் ஆவணம் இது. ஊர்ப்பெயர் சரியாக இருந்தால் அறிவியல் பெயரில் வந்த பிழையைப் பின்னால் கண்டுபிடிக்கலாம். முசுமுசுக்கை என்ற சொல் இருக்கும் வரியில் ஓர் ‘ஈ’ விடுபட்டாலும் பெரிய சேதம் இல்லை. தமிழ்ப் பெயரே இல்லாத வரியில் அதே பிழை அந்தப் பதிவையே பயனற்றதாக்கலாம். இப்பகுதிக்கு ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை நூலும் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் மயூரநாதன் 1929இல் சென்னை நகரும் சுற்றுப்புறமும் சேர்ந்த பூக்கும் தாவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்.

தீராமல் நிற்பவை

முதல் அச்சு, இலக்கணம், வழக்கு ஆகிய மூன்றில் எதுவும் தனியே வெல்லவில்லை. இன்றைய விதிகள் மூன்றின் கலவை, கலக்கும் விகிதம் தாவரவியலில் ஒன்று, விலங்கியலில் வேறு. பால்விகுதி வழக்கு முடிவுக்கு வருவதற்கான அறிகுறி இல்லை. பறவைகளில் பல்வேறு உலகப் பட்டியல்களை ஒன்றாக்கும் முயற்சி 2025இல் ‘ஏவிலிஸ்ட்’ என்ற பெயரில் வெளியாகியிருக்கிறது. தாவரங்களில் அத்தகைய ஒருமிப்பு இன்னும் எட்டப்படவில்லை.

கணினி கண்டுபிடித்த பிழையைத் தானே திருத்திவிடலாமா என்பது அடுத்த பெரிய கேள்வி. 2009இல் ஏற்கப்பட்ட ‘டார்வின் கோர்’ தரநிலை, களக்குறிப்பில் இருந்த பெயரை எழுத்து மாறாமல் தனிப் புலத்தில் வைக்க வழி செய்கிறது. திருத்திய பெயர் பக்கத்தில் வரும். இந்த ஏற்பாடே பாதுகாப்பானது என்று தோன்றுகிறது, ஏனென்றால் திருத்தம் தவறாக இருந்தால் திரும்பிப் போக வழி இருக்கும். நடைமுறையில் பலர் மூலப் பெயரை அழித்துவிட்டுப் புதியதை ஒட்டுகிறார்கள். அப்படி அழிந்தது திரும்பாது.

ஆகவே பட்டியல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதலில் எழுதிய பெயரை அழிக்காதீர்கள். திருத்திய பெயருக்கு அருகில் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று குறியுங்கள். ஊரார் சொன்ன தமிழ்ப் பெயரை முதல் பத்தியில் வையுங்கள்.